எண்கோட்டில் பின்னம்: இடைவெளியை எண்ணுங்கள்

ஒரு வெள்ளைத்தாளில் 16 செ.மீ. நீளத்துக்கு ஒரு கோடு போடுங்கள். இடது முனையில் 0, வலது முனையில் 2. நடுவில் எதுவும் வேண்டாம். ஆறாவதோ ஏழாவதோ படிக்கும் பிள்ளையிடம் கொடுத்து, "இதில் 3/4 எங்கே இருக்கு, ஒரு புள்ளி வை" என்று கேளுங்கள். புள்ளி வைத்ததும் சரி, தப்பு என்று சொல்லிவிட வேண்டாம். ஸ்கேலை எடுத்து 0-விலிருந்து அந்தப் புள்ளி எத்தனை செ.மீ. தள்ளி இருக்கிறது என்று அளந்து பாருங்கள். பின்னம் என்றால் என்னவென்று அந்தப் பிள்ளை நினைத்துக்கொண்டிருக்கிறது என்பது அந்த ஓர் அளவிலேயே தெரிந்துவிடும்.

6 செ.மீ. வந்தால் சரி. 0 முதல் 1 வரை 8 செ.மீ., அதில் முக்கால் 6.

12 செ.மீ. வந்தால், பிள்ளை கோடு முழுவதையும் ஒன்றாக எடுத்துக்கொண்டு அதில் முக்கால் பங்கு போட்டிருக்கிறது. தோசையிலும் கேக்கிலும் மட்டுமே பின்னம் பார்த்த பிள்ளைகள் இப்படித்தான் செய்வார்கள். அவர்களுக்கு 3/4 இன்னும் ஓர் எண்ணாக ஆகவில்லை, எதிரே இருக்கும் பொருளில் ஒரு பங்காகவே நிற்கிறது. அதனால் ஒன்றைவிடச் சின்ன எண் 1-ஐத் தாண்டி உட்கார்ந்திருப்பது அவர்கள் கண்ணை உறுத்தவில்லை.

4 செ.மீ. வந்தால், நாலு சம பாகம் ஒழுங்காகப் பிரித்தாகிவிட்டது, எண்ணும்போதுதான் தவறியிருக்கிறது. 0 என்ற குறியையே "ஒண்ணு" என்று தொட்டு, அடுத்ததை "ரெண்டு", அதற்கடுத்ததை "மூணு" என்று எண்ணியதால் போய் நின்ற இடம் 2/4.

4.8 செ.மீ. அருகே வந்தால், நாலு பாகம் என்றதும் 0-வுக்கும் 1-க்கும் நடுவே நாலு குறி போட்டிருக்கிறது. நாலு குறி போட்டால் ஐந்து இடைவெளி. மூன்றாவது குறி 3/5-இல் விழும். கையால் பிரிப்பதால் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் முன்னே பின்னே இருக்கும். சந்தேகம் வந்தால் குறிகளை எண்ணிப் பாருங்கள், தெரிந்துவிடும்.

கடைசி இரண்டு தப்புக்கும் வேர் ஒன்றுதான்: இடைவெளியை எண்ணாமல் குறியை எண்ணுவது. எட்டாம் வகுப்பில் விகிதமுறு எண்கள் (குறை அடையாளம் உள்ள பின்னங்களும் சேர்ந்தவை) வரும்போதும் இதே தப்பு வேறு சட்டை போட்டுக்கொண்டு வரும். அதனால் இதைச் சரிசெய்யாமல் மேலே போவதில் பயனில்லை.

சரிசெய்ய விளக்கம் தேவையில்லை, விளையாட்டு போதும். தாயம் ஆடும்போது காய் நிற்கும் கட்டத்தை யாரும் எண்ணுவதில்லை. ஒரு கட்டம் தாண்டி வைத்த பிறகுதான் "ஒண்ணு" என்கிறோம். கோட்டிலும் அதே விதி. பென்சில் முனை 0-வில் நிற்கும்போது வாய் திறக்கக்கூடாது. ஓர் இடைவெளி தாண்டி இறங்கியதும் "நாலில் ஒண்ணு", அடுத்ததற்கு "நாலில் ரெண்டு". தாண்டும்போது கோட்டுக்கு மேலே சின்ன வளைவு ஒன்று வரையச் சொல்லுங்கள். வளைவுகள்தான் எண்ணிக்கை. நாலைந்து நாள் வளைவு போட்டுப் பழகினால் பிறகு வளைவு இல்லாமலே கண் இடைவெளியைப் பார்க்கும்.

இங்கே தமிழ் நமக்குப் பெரிய துணை. "நான்கில் மூன்று" என்று வாசித்தால் வேலை நடக்கும் வரிசையிலேயே சொல் வருகிறது: முதலில் நான்காகப் பிரி, பிறகு அதில் மூன்று தாண்டு. கீழே இருப்பது பகுதி, அது பகுக்கச் சொல்கிறது. மேலே இருப்பது தொகுதி, அது தொகுக்கச் சொல்கிறது. "த்ரீ பை ஃபோர்" என்று மட்டுமே வாசித்துப் பழகிய பிள்ளைக்கு அது மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு தனி எண்களாகத்தான் தெரியும். ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளைகளிடமும் வீட்டில் ஒரு முறை "நான்கில் மூன்று" என்று சொல்லிக் காட்டுவது நல்லது.

இனி பட்டை. சார்ட் பேப்பரின் நீளப் பக்கத்தில் 4 செ.மீ. அகலம், 60 செ.மீ. நீளத்தில் ஐந்து பட்டைகள் வெட்டுங்கள். 60 என்ற அளவுக்குக் காரணம் இருக்கிறது. அரை 30, மூன்றில் ஒன்று 20, கால் 15, ஐந்தில் ஒன்று 12, ஆறில் ஒன்று 10, பத்தில் ஒன்று 6, பன்னிரண்டில் ஒன்று 5 என்று எல்லாம் முழு செ.மீ.-இல் விழும், எட்டில் ஒன்று மட்டும் 7.5. பட்டையின் இடது முனை 0, வலது முனை 1. முதல் பட்டை பிரிக்காதது. அடுத்தது அரை, கால், அரைக்கால் (எட்டில் ஒன்று) வரை. மூன்றாவது மூன்று, ஆறு, பன்னிரண்டு. நான்காவது ஐந்தும் பத்தும். ஐந்தாவது ஏழு.

அளப்பதில் இரண்டு இடத்தில் பிசகும். பல ஸ்கேல்களில் 0 விளிம்பில் இருக்காது, சில மில்லிமீட்டர் உள்ளே தள்ளி இருக்கும். விளிம்பை 0 என்று வைத்து அளந்தால் எல்லாக் குறியும் அதே அளவு தள்ளிப்போகும். இன்னொன்று ஏழாகப் பிரிக்கும் பட்டையில் வரும். 60-ஐ 7-ஆல் வகுத்தால் 8.571... வரும். இதை 8.6 என்று எடுத்துக்கொண்டு ஒரு குறியிலிருந்து அடுத்த குறி என்று தாவிக்கொண்டே போனால் ஏழாவது குறி 60.2-இல் விழும், பட்டையைத் தாண்டிவிடும். ஒவ்வொரு குறியையும் 0-விலிருந்தே அளந்து 8.6, 17.1, 25.7, 34.3, 42.9, 51.4 என்று வையுங்கள். பிழை சேராது.

ஸ்கேல் இல்லாமல் மடித்தும் செய்யலாம், அதற்குச் சார்ட் பேப்பர் வேண்டாம், செய்தித்தாள் போதும். இரண்டாக மடித்து, அதை மறுபடி மடித்து, மூன்றாம் முறையும் மடித்தால் எத்தனை பாகம் என்று பிரிப்பதற்கு முன் கேளுங்கள். "ஆறு" என்று பதில் வரும். பிரித்தால் எட்டு. பாகம் எட்டு, மடிப்புக்கோடு ஏழு. மறுபடியும் அந்த ஒன்று குறையும் கணக்கு! மூன்றாவது மடிப்பை அடுக்கோடு சேர்த்து மடித்தால் தாளின் தடிமனால் உள்மடிப்பு நகர்ந்து பாகங்கள் சமமாக வராது. தாளைப் பிரித்துவிட்டு, பக்கத்துப் பக்கத்து மடிப்புக்கோடுகளை ஒன்றோடொன்று சேர்த்துத் தனித்தனியாக மடித்தால் சுத்தமாக வரும். மூன்றாக மடிக்கப் பட்டையை அழுத்தாமல் இசட் வடிவில் வளைத்து, மூன்று அடுக்கின் ஓரமும் ஒன்றுக்கொன்று பொருந்தும்வரை நகர்த்திவிட்டுப் பிறகு அழுத்துங்கள்.

ஐந்து, ஏழு, பதினொன்று போன்றவற்றை எந்த அளவும் பார்க்காமல் பிரிக்கக் கோடு போட்ட நோட்டு ஒன்றே போதும். 12 செ.மீ. நீளக் காகிதத் துண்டு ஒன்றை எடுத்து, அதன் ஒரு முனையின் ஓரத்தை நோட்டின் ஏதாவது ஒரு கோட்டில் வையுங்கள். அந்தக் கோடு 0. அங்கிருந்து ஏழு இடைவெளி எண்ணி, ஏழாவது கோட்டைத் துண்டின் மறுமுனை தொடும்வரை துண்டைச் சாய்த்துக்கொண்டே போங்கள். இப்போது நடுவில் உள்ள ஆறு கோடுகளும் துண்டின் ஓரத்தை வெட்டும் இடங்களில் குறி வைத்தால் ஏழு சம பாகம். நோட்டுக் கோடுகள் சம இடைவெளியில் இணையாக இருப்பதால், எந்தச் சாய்வில் குறுக்கே போனாலும் துண்டுகள் சமமாகவே விழும். துண்டு ரொம்பச் சாய்ந்துவிட்டால் கோடு வெட்டும் இடம் மங்கலாகத் தெரியும், குறி தவறும். அப்போது ஒரு கோடு விட்டு ஒரு கோடு எடுத்துக்கொண்டால் துண்டு நிமிர்ந்து நிற்கும். எத்தனை இடைவெளி எடுத்தாலும் அவற்றின் மொத்த உயரம் துண்டின் நீளத்துக்குள் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பட்டைகள் தயாரானதும் இடது ஓரங்களைச் சேர்த்து ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, ஒரு ஸ்கேலை நெட்டாக 30 செ.மீ.-இல் வையுங்கள். 1/2, 2/4, 4/8, 3/6, 6/12, 5/10 எல்லாம் ஒரே நேர்கோட்டில் நிற்கும். ஒரே இடம், பல பெயர். சமான பின்னத்துக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. ஏழாகப் பிரித்த பட்டையில் அந்த இடத்தில் குறியே இருக்காது. ஏன் என்று பிள்ளைகளே யோசிக்கட்டும். எல்லாப் பட்டையும் ஒரே நீளமாக இருக்க வேண்டும் என்பது மட்டும் கட்டாயம். நோட்டில் பிள்ளைகள் ஒரு கோட்டுக்கு 5 செ.மீ. அலகும் அதன் கீழே இன்னொரு கோட்டுக்கு 6 செ.மீ. அலகும் எடுத்துவிட்டு, எது தள்ளி இருக்கிறதோ அது பெரிது என்று எழுதுவார்கள்.

ஒப்பிடும்போது வரும் ஒரு பதிலைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். 2/3, 3/4 இரண்டில் எது பெரிது என்று கேட்டால் சில பிள்ளைகள் "ரெண்டும் சமம் மிஸ், ரெண்டுலயும் ஒண்ணுதான் குறையுது" என்பார்கள். தப்பு என்று சொல்லித் தள்ளிவிடாதீர்கள், அதில் பாதி உண்மை இருக்கிறது. இரண்டிலும் ஒரு பாகம்தான் குறைகிறது, ஆனால் அந்தப் பாகம் ஒன்றில் 20 செ.மீ., இன்னொன்றில் 15 செ.மீ. குறைவாகக் குறைவதே 1-க்கு நெருக்கம்; அதனால் 3/4 பெரிது. இதைப் பிடித்துக்கொண்ட பிள்ளை 7/8-ஐயும் 8/9-ஐயும் மீ.சி.ம. (மீச்சிறு பொது மடங்கு) எடுக்காமலே ஒப்பிடும். அதேபோல் 5/8, 7/12 என்றால் அரையை நடுவில் நிறுத்திப் பார்க்கலாம். முதலாவது அரையைவிட எட்டில் ஒன்று கூட, இரண்டாவது பன்னிரண்டில் ஒன்று கூட. 5/8 பெரிது.

நம் பேச்சிலேயே இந்தக் கணக்கு இருக்கிறது. ஏறக்குறைய முழுவதும் என்பதற்கு "முக்காலே மூணு வீசம்" என்கிறோம். வீசம் என்றால் 1/16. முக்கால் 12/16, அதோடு 3/16 சேர்ந்தால் 15/16. 1-ஐத் தொட இன்னும் ஒரே ஒரு வீசம் பாக்கி. எண்கோட்டில் ஓர் இடத்தைக் கச்சிதமாகக் காட்டும் சொல் அது.

வீட்டில் ஸ்டீல் டேப் இருந்தால் அதன் இஞ்ச் பக்கத்தைக் காட்டுங்கள். சென்டிமீட்டர் பக்கம் பத்து பத்தாகப் பிரிந்து தசமத்துக்கு உதவும். பின்னத்துக்கு இஞ்ச் பக்கம்தான். அரை இஞ்சுக்கு நீளக் கோடு, காலுக்கு அதைவிடக் குட்டை, அரைக்காலுக்கு இன்னும் குட்டை, வீசத்துக்கு எல்லாவற்றிலும் குட்டை. தச்சரும் கொத்தனாரும் இஞ்சில் எட்டில் ஒன்றை நூல் என்பார்கள். நாலு நூல் அரை இஞ்ச், ஆறு நூல் முக்கால் இஞ்ச். "ரெண்டே கால் இஞ்சுக்கு ஒரு நூல் கூட" என்று ஆசாரி சொன்னால் 2 3/8. அதை டேப்பில் காட்டச் சொல்லுங்கள். பிறகு "மொத்தம் எத்தனை நூல்?" என்று கேளுங்கள். 19 நூல், அதாவது 19/8. கலப்பு பின்னமும் தகா பின்னமும் ஒரே புள்ளி என்பது சூத்திரம் இல்லாமலே விளங்கும். எட்டுத் துண்டு தோசையில் பத்தொன்பது துண்டை எப்படி எடுப்பது என்று குழம்பும் பிள்ளைக்கு, டேப்பில் பத்தொன்பது நூல் நகர்வதில் எந்தச் சிக்கலும் இல்லை.

கூட்டலில் 1/2 + 1/3 = 2/5 என்று எழுதும் பழக்கத்தையும் பட்டையே திருத்தும். 30 செ.மீ.-இல் நின்று 20 செ.மீ. முன்னே போனால் 50 செ.மீ., அது 5/6. பிள்ளை எழுதிய 2/5 எங்கே என்று பார்த்தால் 24 செ.மீ. புறப்பட்ட இடத்துக்கே பின்னால்! கூட்டினோம், ஆனால் பின்னால் போய்விட்டோம். இதைக் கண்ணால் பார்த்த பிள்ளை அடுத்த முறை எழுதும் முன் யோசிக்கும்.

தசமத்துக்கு ஓர் எச்சரிக்கை. 1/3-ஐ 0.33 என்று எழுதிவிட்டு இரண்டும் ஒன்றே என்று நினைப்பது சகஜம். பட்டையில் 1/3 சரியாக 20 செ.மீ.; 0.33 என்பது 19.8. இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். 0.333 என்றால் 19.98, கண்ணுக்குத் தெரியாது, ஆனாலும் வித்தியாசம் போய்விடவில்லை.

0-வுக்கு இடப்பக்கம் போகும்போது புதிதாக ஒரு தப்பு முளைக்கும். −2 1/3-ஐக் குறிக்கச் சொன்னால் −2 வரை சரியாகப் போய், அங்கிருந்து 1/3 வலது பக்கம் திரும்பிவிடுவார்கள். பின்னம் என்றாலே வலப்பக்கம் போவது என்று கை பழகியிருக்கிறது. அலகு 3 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் சரியான இடம் 0-விலிருந்து 7 செ.மீ. இடப்பக்கம், திரும்பியவர்களின் புள்ளி 5 செ.மீ.-இல் இருக்கும், அது −5/3. குறை அடையாளம் 2-க்கு மட்டும் உரியதில்லை, 2 1/3 முழுவதற்கும் உரியது. உறைகிணற்றை நினைத்துக்கொண்டால் குழப்பம் வராது. தரைமட்டம் 0. கீழே இரண்டு உறை இறங்கி, இன்னும் மூன்றில் ஒரு உறை என்றால் மேலே ஏறுவோமா, கீழே இறங்குவோமா? கோட்டை நெட்டாக வரைந்து ஒரு முறை காட்டிவிட்டுப் பிறகு படுக்கையாகத் திருப்புங்கள். கலப்பு பின்னத்தை −7/3 என்று மாற்றி ஏழு தாவல் போடுவதும் பாதுகாப்பான வழி.

ஒப்பிடுவதற்குத் தாளை 0-வில் மடியுங்கள். வலப்பக்கம் 2/3, 3/4 குறித்த இடங்களில் காம்பஸ் முள்ளால் குத்திவிட்டுப் பிரித்தால் இடப்பக்கத்தில் −2/3, −3/4 தாமாகவே கிடைக்கும். 0-விலிருந்து அதிக தூரத்தில் இருப்பது −3/4. கோட்டில் இடப்பக்கம் இருப்பதே சிறியது, ஆகவே −3/4 < −2/3. குறை அடையாளம் மேலே இருந்தாலும், கீழே இருந்தாலும், முன்னால் இருந்தாலும் புள்ளி ஒன்றுதான்; மேலும் கீழும் இரண்டிலும் இருந்தால் வலப்பக்கம் வந்துவிடும்.

தேர்வுத்தாளில் வரையும்போது முதலில் பகுதி எண்களைப் பார்த்துவிட்டு அலகைத் தேர்ந்தெடுங்கள். கிராஃப் தாளில் 10 கட்டத்தை ஓர் அலகாக எடுத்துக்கொண்டு 1/3-ஐத் தேடினால் கிடைக்காது. −3/4-உம் 2/3-உம் ஒரே கோட்டில் வேண்டுமென்றால் 4, 3-இன் மீ.சி.ம. 12, ஒரு பாகத்துக்கு அரை செ.மீ. வைத்தால் அலகு 6 செ.மீ., −1 முதல் 1 வரை 12 செ.மீ., நோட்டுப் பக்கத்துக்குள் அடங்கும். −3/4 இடப்பக்கம் 4.5 செ.மீ., 2/3 வலப்பக்கம் 4 செ.மீ. 47/6 போன்று பெரிதாக வந்தால் 0-விலிருந்து வரைந்து பக்கத்தை வீணாக்க வேண்டாம். 47-ஐ 6-ஆல் வகுத்தால் ஈவு 7, மீதி 5. 7-க்கும் 8-க்கும் நடுவை மட்டும் பெரிதாக வரைந்து ஆறாகப் பிரித்து ஐந்தாவது தாவலில் நிறுத்துங்கள். இரு முனையிலும் அம்புக்குறி போட மறக்க வேண்டாம்.

கடைசியாக, "3/5-க்கும் 4/5-க்கும் இடையே ஐந்து விகிதமுறு எண்கள் காண்க" வகைக் கேள்வி. முதலில் "நடுவில் ஒன்றும் இல்லையே, 3-க்கு அடுத்தது 4 தானே" என்று தோன்றும். முழு எண்களின் பழக்கம் அது. பின்னத்துக்கு "அடுத்த எண்" என்று ஒன்று கிடையாது. எந்த இடைவெளியையும் இன்னும் நுணுக்கிப் பிரிக்கலாம். அடுத்த தப்பு, ஐந்து எண் வேண்டும் என்பதால் மேலும் கீழும் 5-ஆல் பெருக்குவது. 15/25, 20/25 ஆகிறது. நடுவில் 16, 17, 18, 19 என்று நாலுதான் கிடைக்கும். ஐந்து குறி வேண்டுமானால் ஆறு இடைவெளி வேண்டும். 6-ஆல் பெருக்கினால் 18/30, 24/30. நடுவில் 19/30, 20/30, 21/30, 22/30, 23/30. முதல் நாள் கால் பாகம் பிரிக்கையில் நாலு குறி போட்ட அதே கைதான் இங்கே 5-ஆல் பெருக்குகிறது.

ஒரே ஓர் எண் போதும் என்றால் இரண்டையும் கூட்டிப் பாதியாக்குவது வழக்கமான வழி: 3/5, 4/5-இன் நடு 7/10. இன்னொரு குறுக்குவழி, இரண்டும் மிகை எண்களாக இருந்தால் மேலே உள்ளதை மேலே உள்ளதோடும் கீழே உள்ளதைக் கீழே உள்ளதோடும் கூட்டுவது. 1/3-க்கும் 1/2-க்கும் இடையே 2/5. பட்டையில் 20-க்கும் 30-க்கும் நடுவே 24 செ.மீ. கூட்டலில் பிள்ளைகள் தப்பாக எழுதிய அதே 2/5 தான். இரண்டின் கூட்டுத்தொகையாக அது ஒருபோதும் இருக்க முடியாது, ஏனென்றால் அது எப்போதும் இரண்டுக்கும் நடுவிலேயே வந்து நிற்கும்.